கையால் வாசித்த பாய்

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்த அன்று எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றார்கள். அவனுக்குக் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. வருஷக் கடைசியில் லீவில் வருவான். வரும்போது கூடவே ஏதாவது ஒரு சாமானும் வரும். ஒரு வருஷம் ரைஸ் குக்கர், ஒரு வருஷம் இஸ்திரிப்பெட்டி. இந்த முறை டிவியில் மாட்டி விளையாடுகிற பாட்டு விளையாட்டு என்றான். பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரப் பெண் நெற்றியில் பட்டை கட்டிக்கொண்டு, ஒரு பாயின் மேல் ஒற்றைக் காலைத் தூக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. காலால் ஆடுகிற விளையாட்டு. சரி, இதுவும் நமக்கில்லை என்று என் தையல் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் காலைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போயிற்று. வெளியே போனால் கம்பிச் சட்டம் வைத்த பூட்ஸ். வீட்டுக்குள் ஒரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டு, மறு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். கால் மெஷினை மிதிக்க முடியாது என்பதால் அப்பா எனக்குக் கைமெஷின் வாங்கிக் கொடுத்திருந்தார். வலது கை சக்கரத்தைச் சுற்றும், இடது கை துணியைத் தள்ளும். அதில்தான் எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்தேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. கோபம் மட்டும் இரண்டு காலாலும் ஓடும்.

திருவிழாவில் கோலாட்டம் என்றாலும் சரி, கல்யாண வீட்டில் கும்மி என்றாலும் சரி, எனக்கு ஒரு நாற்காலி போட்டு, "நீ உக்காந்து பாரும்மா" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். ஆனால் பார்ப்பதும் ஒரு படிப்பாக இருந்திருந்தால் நான் அதில் பட்டமே வாங்கியிருப்பேன்.

அந்த வருஷம் அந்த நாற்காலிக்கும் வேட்டு வைத்திருந்தார்கள். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பார்த்துக் கொடுத்தது பத்தாங் பெர்ஜுந்தையில் இருந்த தூரத்து அத்தை ஒருத்தர். அவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, நான் கேட்கும்படியாகவே சொன்னார்: "ஒரு பையன், ஒரு பொண்ணுன்னுதான் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். மூத்தவ இருக்கையில சின்னவளுக்கு ஏன்னு கேப்பாங்க. கால் விஷயம் தெரிஞ்சா, குடும்பத்துல வர்ற வியாதியான்னு கேப்பாங்க. அவங்க வர்ற அன்னிக்கு இவ பின்கட்டுல இருந்துக்கட்டும்." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, எங்கள் வீட்டில் மறைக்க இருந்த பூசணிக்காய் நான்.

எனக்குத் தங்கச்சியின் கல்யாணம் நடக்க வேண்டும் என்று ஆசை. அதே அளவுக்கு, இந்த வீட்டில் நானும் ஒரு பெண் என்று யாராவது வெளியாளிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும் என்றும் ஆசை. இரண்டும் ஒரே நாளில் நடக்காது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

இனி அந்தப் பாய்க்கு வருகிறேன்.

அது கெட்டிப் பிளாஸ்டிக். விரித்தால் ஒரு ஆள் படுக்கலாம். அதில் முன் வரிசையில் நாலு சிவப்பு வட்டம், பின் வரிசையில் நாலு நீல வட்டம். ஓரத்திலிருந்து ஒரு ஒயர் போய் ஒரு சின்ன மெஷினில் சேரும், மெஷினிலிருந்து இன்னொரு ஒயர் டிவிக்குப் போகும். எங்கள் தோட்டத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் கரண்டு வரும், பத்து மணிக்குப் போய்விடும். விடிகாலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிறவர்களுக்காகக் கொஞ்ச நேரம் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் இஞ்சின் ரூம் தூங்கும். அன்று ஆறு மணிக்கு இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாயில் ஏறினான்.

திரையில் தலைப்பட்டை கட்டிய ஒரு பொம்மை நின்றது. முதலில் மெஷின் ஒரு பாட்டை முழுக்க ஒரு தடவை வாசித்துக் காட்டியது. அப்புறம் மேலேயிருந்து நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அடிக்கோட்டை நட்சத்திரம் தொடுகிற நேரத்தில், அதற்குரிய வட்டத்தை மிதிக்க வேண்டும். மிதித்தால் அந்த வட்டத்துக்கான சுரம் கேட்கும். சரியாக மிதித்துக்கொண்டே போனால் பாட்டு கோத்துக்கொண்டே வரும். தப்பினால் "பேக்" என்று வாத்துக் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். தப்பு சேர்ந்துபோனால் பாட்டு நின்றுவிடும், பொம்மை தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

அண்ணன் இரண்டு சுரம் மிதித்திருப்பான். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு உள்ளே வந்த அப்பா கத்தினார்.

"கால எடுடா!"

லயமே திரும்பிப் பார்த்தது. அப்பா சாதாரணமாகக் கத்துகிற ஆள் இல்லை. தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் பஜனையில் ஹார்மோனியம் வாசிப்பார். அவருடைய ஹார்மோனியப் பெட்டி அலமாரியின் மேல்தட்டில், சந்தனப் பொட்டோடு இருக்கும். தெரியாமல் யார் கால் பட்டாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். வாத்தியம் என்றால் சரஸ்வதி. எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை.

"சுரம் பேசுற சாமான மிதிக்கிறியா நீ?" என்றார்.

"அப்பா, இது பிளாஸ்டிக் லா. மிதிக்கத்தான் செஞ்சிருக்கான். அட்டையில படம் பாருங்க."

"செஞ்சவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமில்ல?"

குனிந்து பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அண்ணனும் வேறு வழியில்லாமல் ஒற்றிக்கொண்டான். காசைக் கொட்டி வாங்கிவந்தவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் அந்தப் பாயைச் சுற்றி நின்றார்கள். விருந்தாளி தூங்கிக்கொண்டிருந்தால் நிற்போமே, அப்படி. அப்புறம் அப்பாவே சொன்னார்: "கையால வாசிச்சா என்ன?"

இந்தப் பூமியில் அந்த விளையாட்டை வாங்கிய எத்தனையோ வீடுகளில் எங்கள் வீடு மட்டும்தான் அதைக் கையால் வாசித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். பாயைச் சுற்றி அண்ணன், தங்கச்சி, பக்கத்து வீட்டு அக்கா, அவர் மாமியார். அம்மா வட்டங்களில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, வளையல் இடிக்கிறதென்று கழற்றி வைத்தார். நான் தையல் மெஷின் அருகே இருந்தபடியே பார்த்தேன். நின்றால்தானே நான் குட்டை, கோணல், பிடித்துக்கொள்ளச் சுவர் தேடுகிறவள். எல்லோரும் உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் என் உயரம். இதை யாரும் எனக்காகச் செய்யவில்லை. ஒரு பிளாஸ்டிக் பாய்க்கு மரியாதை செய்யப் போய் அப்படி ஆகிவிட்டது. நான் தரையில் நகர்ந்து நகர்ந்து போய் அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். "நீ உக்காந்து பாரும்மா" என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் டிவி கறுப்பு வெள்ளை. அண்ணன் அதை யோசிக்கவே இல்லை. சிவப்பு நட்சத்திரம் விழுந்தால் முன் வட்டம், நீலம் விழுந்தால் பின் வட்டம். எங்கள் திரையில் இரண்டும் ஒரே சாம்பல். எந்த இடத்தில் விழுகிறது என்று தெரியும், முன்னா பின்னா என்று தெரியாது. கண்ணை நம்பியவர்களெல்லாம் பேக், பேக் என்று வாத்து மேய்த்தார்கள். மெஷின் முதலில் வாசித்துக் காட்டுகிற பாட்டை நான் காதில் வாங்கிக்கொண்டேன். அடுத்து வரவேண்டிய சுரம் எது என்று தெரிந்தால் நட்சத்திரத்தின் நிறம் எதற்கு?

முதல் பாட்டை முடித்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? அப்பாவின் ஹார்மோனியத்தையும் நான் திருட்டுத்தனமாக வாசித்திருக்கிறேன். அதில் கை வைத்தாலும் பாட்டு வரும். ஆனால் ஹார்மோனியம் நமக்காகக் காத்திருக்கும். நான் தடுமாறினால் அதுவும் பொறுமையாகத் தடுமாறும். பிறந்ததிலிருந்து எனக்காக எல்லோரும் காத்திருந்தே பழக்கம். கோயிலுக்குப் போகும்போது நின்று நின்று திரும்பிப் பார்ப்பார்கள், பஸ்காரர் கூடக் காத்திருப்பார். இந்த மெஷின் காத்திருக்கவில்லை. என் காலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அது பாட்டுக்குப் போனது. நானும் அதன் கூடவே போனேன். சக்கரம் சுற்றிப் பழகிய வலது கை முன் வரிசையைப் பார்த்துக்கொண்டது, துணி தள்ளிப் பழகிய இடது கை பின் வரிசையை. பாட்டு முடிந்ததும் பொம்மை குதித்துக் கைதட்டியது. வெட்கமில்லாமல் நானும் தட்டினேன்.

அப்பாவுக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. அவர் ஒரு சுரத்தைப் பிடித்தால் அதில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். மெஷின் வாத்தாகக் கத்தும். "இதுக்கு அவசரம் ஜாஸ்தி" என்பார். ஆனால் தினமும் ஆறு மணிக்கு, குளித்து விபூதி பூசிக்கொண்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். நான் வாசிக்க அவர் தொடையில் தாளம் போடுவார். அதற்கு முன்னால் அப்பாவும் நானும் அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாக எனக்கு நினைவில்லை. அம்மா முதல் வெள்ளிக்கிழமையே பாயின் மூலையில் மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார். அவருக்கிருந்த ஒரே வருத்தம் அந்தப் பொம்மைதான். "வெளக்கு வெக்கிற நேரத்துல தலையில கைய வெக்குது பாரு சனியன்" என்று, யாராவது தோற்றால் ஓடிவந்து டிவியின் மேல் துண்டைப் போட்டு மூடுவார்.

மூன்றாவது பாட்டுத்தான் கஷ்டம். இரண்டு கையும் வேறு வேறு வேகத்தில் போக வேண்டும். விடிகாலையில் கரண்டு வருகிற நேரத்தில், அம்மா ரொட்டி சுடும்போது, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பழகினேன். அண்ணன் லீவு முடிந்து கிளம்புவதற்குள் அதையும் முடித்துவிட்டேன். லயத்தில் வேறு யாரும் முடிக்கவில்லை.

அண்ணன் போன பிறகு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. ராகு காலம் கழித்து, ஆறு மணிக்கு மேல்தான் வருவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தஞ்சோங் காராங் ஆட்கள். மாப்பிள்ளைக்குச் செகிஞ்சானில் நெல் ஆலையில் கணக்கு வேலை. என்னைப் பின்கட்டில், அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். கோப்பி கலக்கிக் கொடுக்கிற வேலை எனக்கு, கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை தங்கச்சிக்கு. கதவிடுக்கில் கூடத்தில் பாதி தெரிந்தது.

மாப்பிள்ளை ஒல்லியாக, மீசையை ஒழுங்காக வெட்டி, நல்லவராகத்தான் இருந்தார். பெரியவர்கள் பேசப் பேச அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணைச் சுழலவிட்டவர், டிவிக்குக் கீழே மடித்து வைத்திருந்த பாயைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அங்கிள், இது உங்க வீட்லயும் இருக்கா? கிள்ளான்ல என் கூட்டாளி வீட்ல நான் வெளையாடியிருக்கேன்."

எங்கள் அத்தைக்கு வாயெல்லாம் பல். "வெளையாடுங்க தம்பி, வெளையாடுங்க! புள்ளயும் பாக்கட்டும்." அத்தையே பாயை எடுத்து விரித்தார். மாப்பிள்ளை எழுந்து, வெள்ளைக் காலுறையோடு அதன்மேல் ஏறி நின்றார்.

அப்பாவின் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. பெற்ற பிள்ளையை அதட்டலாம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம் காலை எடு என்று எந்த அப்பா சொல்வார்? நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிதி விழுந்த ஒவ்வொரு தடவையும் அவர் கண் சுருங்கியது.

மாப்பிள்ளை தைரியமாகத்தான் தொடங்கினார். ஆனால் எங்கள் டிவி அவரைக் கைவிட்டது. பேக், பேக். பொம்மை தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அம்மா துண்டோடு பாய்ந்தார். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டார். "இதென்ன, நல்ல காரியம் பேசற எடத்துல தலையில கை வெச்சுக்கிட்டு?" என்றார்.

"டிவி சரியில்லம்மா. கலர் தெரியல" என்றார் மாப்பிள்ளை. "இந்த டிவில யாராலயும் முடியாது லா." ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இந்த முறை கூடம் கொஞ்சம் கோணல்தான், பாவம்.

அப்பாவுக்கு ஒரு வழி கிடைத்தது. "எறங்குங்க தம்பி" என்று மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்ல இத கையால வாசிப்போம். இந்த டிவிலயே முடிப்போம்."

"கையாலயா?" மாப்பிள்ளை சிரித்தார். கேலி இல்லை, ஆச்சரியம்தான். "மூணாவது பாட்டக் கூடவா? எங்க, காட்டுங்க அங்கிள், பாப்போம்."

தங்கச்சியை உட்காரச் சொன்னார்கள். புதுச் சேலை, எல்லோர் கண்ணும் அவள்மேல். பாட்டு பாதி கூடத் தாண்டவில்லை. பொம்மை மறுபடியும் உட்கார்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா நெற்றியைச் சுருக்கினார். அப்பா பாயைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். அப்புறம் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"வாம்மா. வந்து வாசிச்சுக் காட்டு."

நான் நடந்துபோனேன். ஒரு கை முட்டியில், ஒரு கை சுவரில். அத்தையின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. என்னைப் பார்த்தவர்கள் என் காலைப் பார்த்தார்கள். எனக்கு அது புதிதில்லை. எனக்குப் புதிதாக இருந்தது அப்பா கூப்பிட்டது. நெஞ்சு நிறையச் சந்தோஷத்தோடு போய் உட்கார்ந்தேன். பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்த மூன்றாவது பாட்டை ஒரு பேக் கூட இல்லாமல் வாசித்தேன். பொம்மை குதித்தது. மாப்பிள்ளை சத்தமாகக் கைதட்டிவிட்டார். "சூப்பர் லா!"

மாப்பிள்ளையின் அம்மா அத்தையைப் பார்த்து, "இந்தப் புள்ள யாரு?" என்று கேட்டார்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க" என்றார் அத்தை. "ஒத்தாசைக்கு வரும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள். யாராவது ஒருவர் வாய்திறப்பார் என்று கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து, "நல்லா வாசிச்சே. இந்தா, வீட்டுக்குக் கொண்டுபோ" என்று என் கையில் வைத்தார்.

நான் எங்கே கொண்டுபோவேன்? பின்வாசலில் லயத்து நாய் படுத்திருந்தது. அதற்குப் போட்டேன்.

மறுநாள் ஆறு மணிக்குக் கரண்டு வந்தது. அப்பா விபூதி பூசிக்கொண்டு பாயை விரித்து உட்கார்ந்தார். "வாம்மா" என்றார். நான் மெஷின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சொன்னேன்:

"பக்கத்து வீட்டுப் பொண்ணக் கூப்பிடுங்க."

அவர் முகம் போன போக்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதைச் சொன்னதற்காக நான் வருத்தப்படவும் இல்லை. அடுத்த நாளும் அவர் விரித்தார், நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. டிவியில் மெஷின் அந்த முதல் பாட்டை வாசித்துக் காட்டிவிட்டு, நட்சத்திரங்களைப் பொழிந்துவிட்டு, அதுவாகவே தோற்றுப்போகும். அம்மா வந்து துண்டைப் போடுவார். அந்த நாட்களில் நான் ஓயாமல் யோசித்தது ஒன்றைத்தான். அன்றைக்கு அப்பா என்னைக் கூப்பிட்டது எனக்காகவா, பாட்டுக்காகவா? மாப்பிள்ளை காலை எடுக்கவேண்டும், வாத்தியத்தின் மானத்தைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு ஒரு கை தேவைப்பட்டது. கை வேலையை முடித்ததும் அதை உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டில் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். தட்டு மாற்ற வருகிறோம், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் நல்ல நேரம் என்றார்கள். அத்தை முன்கூட்டியே வந்து, "அன்னிக்கும் இவ பின்கட்டுலயே இருக்கட்டும். கல்யாணம் முடிஞ்சப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றார். தங்கச்சி அன்றெல்லாம் என்னிடம் பேசவே இல்லை. தலை பின்னிவிடச் சொல்லி என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பின்னும்போது அவள் தோள் குலுங்கியது. என்னை மறைப்பதற்காக அழுதாளா, மறைக்க முடியாமல் போய்விடுமோ என்று அழுதாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. இரண்டுமாக இருந்தாலும் தப்பில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போகத் தயாராக இருந்தேன். அப்பா கூடத்தைத் தானே கூட்டினார். கூட்டிவிட்டு, டிவிக்குக் கீழேயிருந்து பாயை எடுத்து, நடுக்கூடத்தில் விரித்தார். சுருக்கம் இல்லாமல் கையால் நீவிவிட்டார்.

அம்மா ஓடிவந்தார். "என்னங்க இது? காலையில ஏது கரண்டு? வாசிக்க முடியாதத இப்ப எதுக்கு விரிக்கிறீங்க?"

அப்பா நிமிரவில்லை. "அவ உக்கார்ற எடம் இது" என்றார்.

அப்புறம் என்னைப் பார்த்து, "நல்ல சேல ஒண்ணு கட்டிக்கிட்டு வாம்மா" என்றார்.

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தங்கச்சியின் சேலையில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தேன். அவள்தான் மடிப்பு வைத்துவிட்டாள். ஒயர் எதுவும் மாட்டாத, சுரம் எதுவும் பேசாத அந்தப் பாயின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கரண்டு இல்லாத டிவியில் எங்கள் கூடம் தெரிந்தது. அதில் நானும் அப்பாவும் தெரிந்தோம். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. அன்றைக்குப் பாட்டுக்காகக் கூப்பிட்டார். இன்றைக்குப் பாட்டு இல்லை.

வேன் வந்து நின்றது. தட்டுகளோடு நிறையப் பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா முதலில் உள்ளே வந்து என்னைப் பார்த்தார். "அட, பக்கத்து வீட்டுப் பொண்ணும் வந்திருக்கே" என்றார்.

அப்பா எழுந்து நின்றார்.

"பக்கத்து வீடு இல்லீங்க. என் மூத்த மக. சின்ன வயசுல போலியோ வந்துச்சு. அன்னிக்கு நான் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். தட்டு மாத்தறதுக்கு முன்னால சொல்லிடணும். அப்புறம் உங்க இஷ்டம்."

அத்தை, "அது வந்து..." என்று தொடங்கினார். மாப்பிள்ளையின் அப்பா வாசற்படியிலேயே நின்று, "ஏம்மா, ஒரே பொண்ணுன்னுல்ல சொன்ன?" என்று அவரைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், தங்கச்சி நின்ற கதவைப் பார்த்தார். வாசலில் தட்டோடு நின்றவர்களுக்கு உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் குடுத்த லட்ட சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல. நாய்க்குப் போட்டேன்" என்றேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கூடத்தில் இன்னொரு பொய்க்கு இடம் இல்லை என்று எனக்குத் தோன்றியது.

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "ரோசக்காரி" என்றார் கடைசியில். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியாதபடி சொன்னார். அப்புறம் சேலையைச் செருகிக்கொண்டு, பாயைச் சுற்றி வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க. ஓரமா வாங்க, பாய மிதிச்சிடாதீங்க."

எங்களுடையது சின்னக் கூடம். பாய்க்கு வழிவிட்டால் நடக்க இடம் இருக்காது. ஒரு கையில் தட்டும் ஒரு கை சுவரிலுமாக அவர்கள் ஒவ்வொருவராக, மெதுவாக, காலைப் பார்த்துப் பார்த்து வைத்து உள்ளே வந்தார்கள். அந்த வீட்டில் நான் மட்டும்தான் அப்படி நடப்பேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.